யாருக்கு உரிய நேரம்?

(ரமளானுக்கு முந்தைய வாரம், பள்ளிவாசல் முற்றத்தில் பல சமயத்தவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அன்றாட வாழ்வில் நேரத்தை நல்லபடியாகச் செலவிடுவது பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு என்றாலே போன காலம் திரும்பாது, இளமையை வீணாக்காதே என்றுதான் பேச்சு தொடங்கும். அது உண்மைதான், நீங்கள் பலமுறை கேட்டதும்தான். நான் மதீனாவில் ஓர் இரவு நடந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) நபித்தோழர்களில் பெரிய அறிஞர். நபி (ஸல்) அவர்களுடன் இஷா எனும் இரவுத் தொழுகையைத் தொழுதுவிட்டுத் தம் குடியிருப்புக்குத் திரும்பி, அங்குள்ளவர்களுக்கு இமாமாக நின்று தொழவைப்பார். ஓர் இரவு, தண்ணீர் இறைக்கும் இரண்டு ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு ஒருவர் அந்த வழியாக வந்தார். இருட்டிவிட்டது. ஜமாஅத் எனும் கூட்டுத் தொழுகை நடப்பதைப் பார்த்து, ஒட்டகங்களை விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றார். அன்று முஆத் ஓதத் தொடங்கியது அல்பகரா அத்தியாயம். குர்ஆனிலேயே நீளமானது அதுதான், 286 வசனங்கள். பகலெல்லாம் உழைத்த உடம்பு எவ்வளவு நேரம் நிற்கும்? அந்த மனிதர் ஜமாஅத்தைவிட்டு விலகிப் போய்விட்டார். அதற்காக முஆத் அவரைப் பற்றிக் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னார். அது காதுக்கு எட்டியதும் அந்த உழைப்பாளி நேரே நபிகளாரிடம் போய் முறையிட்டார்.

நபிகளார் கண்டித்தது முஆதை. மக்களைச் சோதனைக்கு ஆளாக்குகிறீரா என்று மூன்று முறை கேட்டார்கள். சிறிய அத்தியாயங்களை ஓதியிருக்கலாமே, உமக்குப் பின்னால் முதியவர் நிற்கிறார், பலவீனர் நிற்கிறார், வேலையுள்ளவர் நிற்கிறார் என்று எடுத்துச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நீட்டி ஓதப்பட்டது இறைவேதம். ஓதியவர் மாபெரும் தோழர். நின்ற இடம் தொழுகை. இவ்வளவும் இருந்தும், அலுத்து வந்த ஓர் உழைப்பாளியின் நேரத்துக்கு மார்க்கம் மதிப்புக் கொடுத்தது. நபிகளார் தாமே நீண்ட தொழுகையை நினைத்து நின்று, பின்வரிசையில் குழந்தை அழும் சத்தம் கேட்டால் சுருக்கிக்கொள்வார்கள். அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்பதே காரணம்.

நேரத்தைப் பற்றி இஸ்லாம் சொல்வதன் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். என் நேரம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி நம்முடையது கிடையாது. அதில் இறைவனுக்கு ஹக்கு, அதாவது உரிமை, உண்டு. மனைவி மக்களுக்கு ஹக்கு உண்டு. வேலைக்கு வந்தவருக்கு உண்டு. வந்து காத்திருப்பவருக்கு உண்டு. நம் உடம்புக்கே உண்டு. உரியவர்களுக்கு அவரவர் பங்கு போய்ச் சேர்ந்தால் அந்த நாள் நன்றாகக் கழிந்த நாள். ஒரு நாளில் எத்தனை வேலை முடித்தோம் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

இதை என் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. ஸல்மான் ஃபார்ஸி (ரலி), அபுத்தர்தா (ரலி) இருவரையும் நபிகளார் சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் ஸல்மான், அபுத்தர்தாவின் வீட்டுக்குப் போனார். வீட்டுக்கார அம்மா தம்மைக் கவனித்துக்கொள்ளாமல் கசங்கிய உடையில் இருந்தார். என்னவென்று கேட்டால், உங்கள் சகோதரருக்குத்தான் உலகத்தில் எந்த நாட்டமும் இல்லையே என்கிறார். இந்த ஒரு பதிலில் ஒரு குடும்பத்தின் நிலை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அபுத்தர்தா விருந்தாளிக்குச் சோறு வைத்தார். தாம் நோன்பு என்றார். நீர் சாப்பிடாமல் நான் தொடமாட்டேன் என்று ஸல்மான் பிடிவாதமாக இருந்து, அவரையும் சாப்பிட வைத்தார். இரவு வந்தது. அபுத்தர்தா தொழ எழுந்தார். தூங்கும் என்றார் ஸல்மான். மறுபடி எழுந்தார், தூங்கும் என்றார். இரவின் கடைசிப் பகுதியில் ஸல்மானே எழுப்பிவிட, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். அப்போதுதான் ஸல்மான் விஷயத்தைச் சொன்னார்: உம் இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் வீட்டாருக்கும் தனித்தனி உரிமை இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று. அபுத்தர்தா இதை நபிகளாரிடம் போய்ச் சொன்னபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இரவெல்லாம் வணங்குவதை நிறுத்தச் சொன்ன ஸல்மான், அதிகாலைத் தொழுகையை விடச் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் தாமே எழுப்பிவிட்டார்.

இனி அந்த ஒதுக்கீடு நம் நாளில் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். முஸ்லிம் அல்லாத நண்பர்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐந்து வேளைத் தொழுகையின் நேரத்தை மனிதன் நிர்ணயிக்கவில்லை, சூரியன் நிர்ணயிக்கிறது. கிழக்கே வைகறை வெளுத்தால் சுபுஹு. சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்தால் லுஹர். அஸர் நிழலைப் பொறுத்தது. தரையில் ஒரு குச்சியை நட்டால், உச்சிவேளையில் இருந்த நிழலைக் கழித்துவிட்டு, குச்சியின் நீளத்துக்கு நிழல் நீண்டவுடன் அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபி மத்ஹபின், அதாவது ஷாஃபி சட்டப் பிரிவின், கருத்து. இரண்டு மடங்கு நீள வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் நடைமுறையில் உள்ள கருத்து. நம் தமிழ்நாட்டில் இரண்டு மத்ஹபும் இருப்பதால், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஷாஃபி ஊர்களில் அஸர் பாங்கு சொல்லி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் உள்நாட்டு ஹனஃபி பள்ளிவாசல்களில் சொல்வார்கள். சூரியன் மறைந்தால் மஃரிப். அந்திச் செவ்வானம் மறைந்தால் இஷா.

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். மற்ற நாளெல்லாம் சிறிதாவது நிழல் உண்டு. தொழுகை நேரம் நாளுக்கு நாள் ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று நகர்ந்துகொண்டே இருப்பது சூரியனின் பாதை இப்படி மாறிக்கொண்டே இருப்பதால்தான். இந்த நகர்வைத் துல்லியமாகக் கணிக்க வேண்டும் என்ற தேவை வானியலையே வளர்த்தது. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரால் தொழுகை நேர அட்டவணைகள் வழங்கின. பின்னர் பெரிய பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே முவக்கித் என்ற பதவி ஏற்பட்டது. டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் இப்னுஷ் ஷாதிர். 1375-ல் காலமானவர். 1371-ல் அந்தப் பள்ளியின் மினாராவுக்காக ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள சலவைக்கல் சூரியக் கடிகாரத்தைச் செதுக்கினார். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் வகுத்த கணக்கும் பிற்காலத்தில் கோப்பர்நிக்கஸ் எழுதிய கணக்கும் ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஊர் மக்களுக்குச் சரியான நேரத்தைச் சொல்வது அவ்வளவு பெரிய மூளைக்கு ஏற்ற பணியாக அன்று மதிக்கப்பட்டது.

இந்த ஐந்து வேளைகளும் ஒரு நாளை என்ன செய்கின்றன? எந்த வேலையும் நம்மை முழுக்க விழுங்காமல் தடுக்கின்றன. கணக்கெழுதுகிறவர், தையல் மெஷினில் இருப்பவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பி, யாராக இருந்தாலும் சரி. பாங்கு ஒலித்ததும் கையில் உள்ளதை வைத்துவிட்டு, தண்ணீர் எடுத்து ஒளுச் செய்து, பத்து நிமிடம் வேறொரு சன்னிதியில் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது வேலை அங்கேயே இருக்கும், ஆனால் அதன் பிடி தளர்ந்திருக்கும். கோபத்தோடு போனவர் அதே கோபத்தோடு திரும்பி வருவது கடினம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் இது மாறுவதில்லை. வேலையிழந்தவருக்கும், வீட்டில் மரணம் நேர்ந்தவருக்கும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாத வேளையில் அஸருக்கு எழ வேண்டும் என்ற ஒன்று நிச்சயமாக இருக்கிறது. அந்த நிச்சயத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதைக் கேட்டு, அப்படியானால் மார்க்கப் பற்று என்பது வணக்கத்துக்கு மேலும் மேலும் நேரம் கூட்டுவது என்று யாராவது எண்ணினால், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். 1058-ல் தூஸ் நகரில் பிறந்து 1111-ல் மறைந்தவர். பாக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்து, அந்தப் புகழையெல்லாம் உதறிவிட்டுப் போனவர். அவருடைய இஹ்யா உலூமித்தீன் நாற்பது பாகங்கள் கொண்டது. அதில் பத்தாவது பாகம் முழுவதும் நேரத்தைப் பற்றியது. பகலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓதுவது, சிந்திப்பது, உறங்குவது என்று வகுக்கிறார். படித்தால் துறவியின் நாள் போலத்தான் தோன்றும். ஆனால் அதே பாகத்தில், இந்த அட்டவணை எல்லோருக்கும் பொதுவானதன்று என்று சொல்லி மனிதர்களை ஆறு வகையாகப் பிரிக்கிறார். வணக்கத்திலேயே வாழ்பவர் ஒருவர். கற்பிப்பவர் ஒருவர், கற்பவர் ஒருவர். அடுத்து வருகிறார் குடும்பத்துக்காக உழைக்கும் தொழிலாளி.

அந்தத் தொழிலாளிக்கு கஸ்ஸாலி சொல்வது என்ன தெரியுமா? பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு நாளெல்லாம் வணக்கத்தில் இருக்க அவருக்கு அனுமதியே இல்லை. வேலை நேரத்தில் அவருக்குரிய விர்து, அதாவது அந்த நேரத்துக்கென்று வகுத்த வணக்கம், எது? கடைத்தெருவுக்குப் போய்த் தொழிலைப் பார்ப்பதுதான். கை வேலையில் இருக்கும்போது நாவும் நெஞ்சும் இறைவனை நினைத்திருக்கலாம், தடையில்லை. தேவைக்குச் சம்பாதித்தபின் வழக்கமான வணக்கங்களுக்குத் திரும்பலாம். அதற்குமேலும் உழைத்து, மிஞ்சியதைத் தர்மம் செய்தால் அது மற்ற எல்லா விர்துகளையும்விடச் சிறந்தது. காரணமும் சொல்கிறார்: தன்னோடு நின்றுவிடும் வணக்கத்தைவிட அடுத்தவருக்குப் பயன் தரும் வணக்கம் உயர்ந்தது. ஆட்சிப் பொறுப்பில் இருப்பவருக்கும் இதே நியாயத்தைத்தான் சொல்கிறார்: பகலில் கடமையான தொழுகையோடு நிறுத்திக்கொண்டு மக்கள் குறையைத் தீர்க்க வேண்டும், விர்துகளை இரவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் நிற்பவருக்கும், துபாயில் டாக்ஸி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கும், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்து மகளைப் படிக்கவைக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அமல், அதாவது வணக்கம், செய்ய நேரமே கிடைப்பதில்லை என்று அவர்கள் குற்ற உணர்வோடு சொல்லும்போது மனம் வலிக்கிறது. ஹலாலான உழைப்பில் போன அவர்களுடைய எட்டு மணி நேரம் இறைவனிடம் எழுதப்படாமல் போகாது.

வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவும் இதே அமைப்புதான். வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தவுடன் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்லும் குர்ஆன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி இறைவனின் அருளைத் தேடச் சொல்கிறது. கடையடைப்பு ஒரு மணி நேரம். பிறகு ஷட்டரைத் தூக்கலாம். நாள் முழுக்க ஓய்வு விதிக்கப்படவில்லை. தொழுகையை நீட்டுவதும் உரையைச் சுருக்குவதும் இமாமின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்ற கருத்தில் ஹதீஸும் இருக்கிறது. அனுமதி கேட்டுக்கொண்டு அலுவலகத்திலிருந்து வருகிறவர் மணியைப் பார்த்துத் தவிக்கும்படி உரை நிகழ்த்தும் ஆலிம்கள் முஆதின் நிகழ்ச்சியை நினைவில் வைக்க வேண்டுகிறேன். அவர்கள் மீதுள்ள மரியாதையால்தான் இதைச் சொல்கிறேன்.

இரவுக்கு வருவோம். இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபிகளார் விரும்பவில்லை என்பது உறுதியான செய்தி. கல்வி, விருந்தினர், குடும்பத்தாரோடு பேசுவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில் சொன்னது என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். இன்று நம் வீடுகளில் சுபுஹு தவறுவது காலையில் அல்ல, முந்தைய இரவு பதினொன்றரை மணிக்கு. படுக்கையில் கையில் செல்போனோடு, ஒரு வீடியோ முடிந்து அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் மறுநாள் கைவிட்டுப் போகிறது. அதில் பெரிய பாவம் எதையும் பார்த்திருக்க மாட்டோம். சமையல் குறிப்பு, கிரிக்கெட், ஏன், மார்க்கப் பயானாகக்கூட இருக்கலாம். ஆனால் அது உடம்புக்கு உரிய தூக்கம். பக்கத்தில் படுத்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசக் காத்திருக்கும் துணைக்கு உரிய நேரம். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் பலர் ஏமாந்து இழக்கும் அருட்கொடைகள் என்று நபிகளார் எச்சரித்ததை ஏதோ சோம்பேறிகளுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்கிறோம். நாளெல்லாம் ஓயாமல் உழைத்தவரும் கிடைத்த ஒரு மணி நேரத்தை இப்படித்தான் இழக்கிறார்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளையை அதிகாலை எழுப்ப அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். இரவு இஷா தொழுதபின் வீட்டில் எல்லா செல்போனையும், உங்களுடையதையும் சேர்த்து, ஹாலில் ஒரே இடத்தில் வையுங்கள். சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். சிறிதாக இருந்தாலும் விடாமல் செய்யும் செயலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்று நபிகளார் சொன்னதாக அவர்களின் துணைவியார் ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே ஒரேநாளில் தஹஜ்ஜுத் எனும் பின்னிரவுத் தொழுகைக்கு எழவைக்கப் பார்க்காமல், ஒரு மாதம் சுபுஹை மட்டும் தவறாமல் நிலைநிறுத்துங்கள்.

அடுத்து, பிறரின் நேரம். பள்ளிவாசல் சுவரில் பலகை இருக்கிறது: பாங்கு இத்தனை மணிக்கு, ஜமாஅத் இத்தனை மணிக்கு. ஒரு நிமிடம் தாமதித்தால் முதல் ரக்அத் போய்விடுமே என்று ஓடி வருகிறோம். அதே நாம், பதினொரு மணி நிக்காஹ் என்று பத்திரிகை அடித்துவிட்டு பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளையை அழைத்து வருகிறோம். வந்து உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரின் ஒன்றரை மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? வாக்குறுதி மீறுவது நயவஞ்சகத்தின் அடையாளங்களில் ஒன்று என்று படிக்கிறோம். அச்சடித்துக் கொடுத்த நேரமும் வாக்குறுதிதான்.

பண விஷயத்தில் இது இன்னும் கடுமையாகிறது. கொடுக்க வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பதை நபிகளார் அநீதி என்றே குறிப்பிட்டார்கள். வேலை செய்தவரின் களைப்பு ஆறுமுன் கூலி கைக்கு வந்துவிட வேண்டும் என்ற கருத்தில் வரும் நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். கொத்தனார், பெயிண்டர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஆகியோரை நாளை வா, வெள்ளிக்கிழமை வா என்று அலையவிடும்போது, பணத்தோடு சேர்த்து அவர்களுடைய பாதி நாள் கூலியையும் நாம் பறிக்கிறோம். இந்தக் கணக்கு நம் நோட்டில் ஏறாமல் போகலாம், மறுமையில் எழுதியிருக்கும்.

கடைசியாக, வரப்போகிற ரமளான். இதைச் சொல்லத்தான் இன்று முக்கியமாக வந்தேன்.

ரமளானின் நேரம் அருமையானது என்று ஆண்கள் பேசுகிறோம். குர்ஆன் ஓதி முடிக்கிறோம், இரவில் தராவீஹ் தொழுகிறோம், கடைசிப் பத்து நாளில் பள்ளியிலேயே தங்கி இஃதிகாஃப் இருக்கிறோம். அதே மாதத்தில் நம் வீட்டுப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? அஸர் முதல் அடுப்படியில். நோன்போடு எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார்கள். வடை, சமோசா, பஜ்ஜி, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று, வந்தவருக்கு ஒன்று. நோன்பு திறக்கும்போது கேட்கும் துஆவின், பிரார்த்தனையின், நேரத்திலும் கையில் கரண்டி. மஃரிபுக்குப் பின் பாத்திரம், இரவுச் சமையல், பிறகு வைகறைக்கு முந்தைய சஹர் உணவுக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து சோறாக்குவது. ஏற்றுக்கொள்ளப்படும் துஆவின் வேளை அவர்களுக்கும் உரியது. அந்த வேளையை நம் தட்டில் இன்னொரு பலகாரத்துக்காக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நபிகளார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுப் போய்விடுவார்கள் என்று சொன்னார்கள். உலகத்திலேயே நேரத்துக்கு அதிக மதிப்புள்ள மனிதர் என்று நாம் நம்புகிறவர், வீட்டுவேலையைத் தம் நேரத்துக்குக் குறைவானதாக எண்ணவில்லை. நபிவழியான இந்த ஸுன்னத்தைப் பேசுவதற்கு நாம் ஏன் இவ்வளவு தயங்குகிறோம்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று கோரிக்கைகள். பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி, கேட்கும் எல்லா வீட்டுக்கும் போதுமான அளவு அஸருக்கே கிடைக்கட்டும். அது இருந்தால் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறக்க வேறொன்றும் வேண்டியதில்லை. தராவீஹுக்குப் பெண்கள் வரும் இடத்தில் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முறைவைத்து இளைஞர்களை நிறுத்துங்கள். முதல் வெள்ளி ஜும்ஆவில், நோன்பு திறப்பதற்கு முந்தைய அரைமணி நேரம் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று இமாம் அறிவிக்கட்டும். வீட்டுக்கு வீடு ஆண்கள் அதைப் பொறுப்பேற்கட்டும். சஹர் பாத்திரத்தைக் கழுவுவதை நாங்கள் செய்கிறோம் என்று இந்த முற்றத்தில் இருக்கும் இளைஞர்கள் இன்றே வீட்டில் போய்ச் சொல்லலாம்.